வெற்றிலைக்குப் பின்னால் சொன்ன பெயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். செத்துப்போனவர்களைச் சந்தேகப்பட்டு எழுதினால் எங்கள் ஊர்க் கோமதி அம்மன் கோபிப்பாளோ என்று பயம். போன வாரம் என் மகள் கோமதி, புதிதாய்ப் பிறந்த பெண்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவள், திடீரென்று கேட்டாள்.

"அம்மா, தாழைன்னு பேரு விடுவமா? தாழம்பூ மாதிரி மணக்கப் பிறந்தவள்னு அர்த்தம் போட்டிருக்கு."

"யாருட்டி ஒனக்கு இந்தப் பேரைச் சொன்னது?"

"போன்ல கெடக்கும்மா. அதுக்கு எதுக்கு இப்படி மொறைக்க?"

முறைக்காமல் என்ன செய்ய? அவள் பிறந்தபோது அவளுக்கென்று வந்த பெயர் அது. அவளிடம் யாரும் சொன்னதில்லை.

தாழம்பூ என்றதுமே என் மூக்குக்கு வருவது பேச்சி மதினியின் சேலை மணம்தான். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. சேலை மடிப்புக்குள் தாழை மடல் வைத்திருப்பாள். அவள் வந்தது தெரிய ஆளைப் பார்க்க வேண்டாம். நேரில் அழைக்கவில்லை என்று என் வளைகாப்புக்கு வராதவள், பிள்ளைக்குப் பேர் விடும் நாளில் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பே எனக்குச் சரியாகப் படவில்லை. எங்களில் அத்தைதான் பிள்ளை காதில் பேரைச் சொல்ல வேண்டும். "தாழைன்னு விடுதேன்" என்றாள்.

சிவன் முடியைப் பார்த்ததாகப் பிரம்மனுக்குப் பொய்ச்சாட்சி சொல்லி, சிவ பூஜைக்கு ஆகாது என்று தள்ளப்பட்ட பூ அல்லவா அது? வேண்டுமென்றே தேடிப் பிடித்திருக்கிறாள் என்று அடுப்படியில் வீட்டுக்காரரிடம் அழுதேன்.

"நம்மூரு சாமி பாதி சிவன், பாதி பெருமாள்லா. பெருமாள் பாதி ஏத்துக்கிடும்" என்றார்.

"எம்புள்ளைக்கு அரைச் சாமி போதுமா?"

அது மதினி காதில் விழுந்துவிட்டது. "ஏட்டி, பூ பொய் சொன்னா புள்ளையும் பொய் சொல்லுமா? சரி, ஒன் இஷ்டம். தெருவுல இருக்க கோமதியெல்லாம் பத்தாதுன்னு இவளும் ஒரு கோமதியா இருக்கட்டும்" என்றாள். அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை அவள்.

வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு பிள்ளை காதில் மூன்று தடவை சொன்னாள். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்க "கோமதி" என்றாள். நான் இலையின் ஓரமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். கோமதி என்றால் நடுவில் உதடு ஒட்ட வேண்டும். சொல்லிப் பாருங்கள், தெரியும். மதினிக்கு ஒட்டினதாகத் தெரியவில்லை.

கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய்வரை வரும். மகளுக்குக் காய்ச்சல் கண்டால் அந்தப் பேரால்தான் என்று கோவில் புற்றுமண்ணைப் பூசுவேன். நல்ல மார்க் வாங்கினால் கோமதி அம்மன் புண்ணியம் என்பேன். எனக்கு வசதிப்படி சந்தேகம். நான் கேட்கும் முன்னே மதினியும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மகளிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மதினியை இழுக்க வேண்டும். அம்மன் சன்னதியில் நின்று, நீயே பார்த்துக்கொள் தாயே என்று விட்டுவிட்டேன்.

நேற்று பேர் விட்டோம். மருமகனின் தங்கச்சி வெளிநாட்டில் இருப்பதால் வீடியோ காலில் வந்தாள். பிள்ளை காதருகே போனைப் பிடித்தாள் மகள்.

"மதினி, ஸ்பீக்கர்ல போடுங்க, பாப்பாவுக்குக் கேக்கணும்லா!" என்று போனிலிருந்து என் மகளிடம் சொன்னாள்.

தாழை, தாழை, தாழை என்று தெருமுனை வரைக்கும் கேட்டது. சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை. வெற்றிலை தாம்பாளத்திலேயே வாடிக் கிடந்தது. அத்தைக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த பேச்சு ஒன்று இருந்ததே, அது எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது.

இதை யாரிடமாவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மதினி தாழை என்று சொன்னதாக நான் எழுதவில்லை. உதடு ஒட்டியதை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.