பக்கத்து இடத்தில் ஒரு கைக்குட்டை

துறைமுகத்தில் கப்பல் வெடித்த அன்று நான் பக்கத்துத் தெரு ஆபீசில் இருந்தேன். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மாட்டுங்கா ஸ்டேஷனில் துறைமுகப் பக்கம் போகும் ரயில் வந்து நின்றாலே பின்வாங்கிவிடுவேன். ஏறாமல் பூங்காவில் உட்கார்ந்து டிபனைத் தின்றுவிட்டு, ஆபீஸ் போனதாக வீட்டில் சொல்வேன்.

ஒருநாள் காலை, முந்தின ஸ்டேஷனான சயானில் ஏறிவரும் தாராவித் தோல் வியாபாரி ஒருவர் ரயில் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"தெனம் பாக்கேன், ஏறவே மாட்டேங்கீங்களே! வாங்க, அடுத்த ஸ்டேஷன் தாதர்ல எறங்கிருவோம்."

பக்கத்தில் கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடித்திருந்தார். உட்கார்ந்ததும், "பயமா இருக்கு" என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"எனக்குந்தான். அதான் தொணைக்குக் கூப்பிட்டேன்."

மறுநாள் அதற்கும் அடுத்த பரேல்வரை போனோம். அடுத்த வாரம் ஆபீசுக்கே போய்விட்டேன்.

இப்போதும் பிளாட்பாரத்தில் ஏறத் தயங்கி நிற்பவரைப் பார்த்தால், என் கை தானாகக் கைக்குட்டையைத் தேடுகிறது.