இந்தப் பேரில் யாரும் இல்லை

போன வைகாசியில் பெரியப்பாவின் பேரனுக்கு அறந்தாங்கியில் கல்யாணம். பந்தியில் பாயசம் வரும் நேரத்துக்குச் சரியாகப் பெரியப்பா அந்தக் கதையை எடுத்தார். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமும் அந்தக் கதை இல்லாமல் முடிவதில்லை. எங்கள் ஊரே ஒன்றாகச் சேர்ந்து ஒரு போலீஸ்காரரை ஏமாற்றித் திருப்பி அனுப்பிய கதை. கேட்டவர்கள் இலையில் சோறு சிதறச் சிரித்தார்கள். அந்தக் கதை யாரைப் பற்றியதோ அந்த அத்தை எதிர் வரிசையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை பெரியப்பா கதையில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து, மெல்ல மாட்டிக்கொண்டு, இல்லாத ஒரு காகிதத்தை மேலும் கீழுமாகப் பார்ப்பது போல நடித்துக் காட்டினார். அத்தையின் விரல்கள் அப்பளத்தில் அப்படியே நின்றன. நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். பாயசம் வேண்டாமா என்று கேட்டவர்களிடம் சர்க்கரை இருக்கிறது என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் எழாது. கோபம் வந்துவிட்டால் தனியாக இருக்கும்போதுகூட எழாது. ஐம்பது வயது தாண்டியும் இப்படித்தான். எழுதும்போது குறுக்கே பேச ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மணமேல்குடிக்குத் தெற்கே, கடலுக்கு நடந்து போகிற தூரம். பாதி ஊருக்குத் தென்னை, பாதி ஊருக்குப் படகு. அப்பா சிங்கப்பூரில் இருந்தார். அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில் இருந்தோம். இருந்தோம் என்றால், அவர் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, அவர் குரல் உயர்ந்தால் அடுக்களைக்குள் போய்விடுகிற மாதிரி இருந்தோம்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை அத்தை. எங்கள் பக்கத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு மதுரையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே நடந்த பேச்சுவார்த்தைகள், ஒப்பந்தங்கள், மனத்தாங்கல்கள் எல்லாம் அவர் பாடம். லீவில் ஊருக்கு வந்தால் தெருப் பெண்கள் விட மாட்டார்கள்.

“கல்யாணங்காச்சி பண்ணாம என்னத்தா அப்புடிப் படிக்கிறே?”

“பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்க எப்பெப்பப் பேசிக்கிட்டாங்க, எப்பெப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்கன்னு படிக்கிறேன் மதினி.”

“இதுக்கா மதுரைக்குப் போனே? எங்க தெருவுல வந்து உக்காந்திருந்தா ரெண்டு பட்டம் வாங்கியிருக்கலாமே!”

அத்தைக்கே சிரிப்பு வந்துவிடும். ஆனால் அந்த வேலையை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் அரசாங்கம் எழுதி வைத்ததை டெல்லியிலும் மெட்ராஸிலும் பார்த்துவிட்டார். இலங்கை அரசாங்கம் எழுதி வைத்தது கொழும்பில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் யார் எங்கே பூசி மெழுகினார்கள் என்று தெரியும் என்பார். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுதுவது வக்கீல் வேலை, சரித்திரம் இல்லை என்பார். ஆறு மாதம் கொழும்பில் இருக்க உதவித்தொகை கிடைத்திருந்தது. அங்கே ஒரு பேராசிரியர் உதவுவதாக எழுதியிருந்தார். பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி.

பெரியப்பா அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. இருந்தாலும் ஊர் முன்னால் “போயிட்டு வாத்தா, நம்ம வம்சத்துக்கே பெருமைதானே” என்றுதான் சொன்னார். மனுவிலும் வீட்டுப் பெரியவராகக் கையெழுத்துப் போட்டார். விசாரணைக்குப் போலீஸ் வரும், விலாசத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று அத்தை மதுரையை விட்டு வந்து வீட்டோடு காத்துக் கிடந்தார். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து சேலையைச் சரிசெய்துகொள்வார்.

எங்கள் ஊரின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். அக்கரையான இலங்கையிலிருந்து அந்தக் காலத்தில் சோப்பு வரும், நைலான் சேலை வரும், கிராம்பு வரும். எப்படி வரும் என்று யாரும் கேட்பதில்லை. சுங்கத்துக்காரர்கள் மட்டும் கேட்பார்கள். அதனால் முன்பின் தெரியாத ஆள் தெருவில் வந்து ஒரு பேரைச் சொன்னால், தெரியாது என்பதுதான் எங்கள் ஊர்ப் பதில். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பால்குடி மறப்பதற்குள் வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் பெரியப்பா, பெரியம்மாவைப் புதுக்கோட்டைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லி அத்தையை பஸ் ஏற்றிவிட்டார். அன்றைக்குத்தான் அந்த ஆள் வந்தார். விசாரணை அன்று வரும் என்று பெரியப்பாவுக்கு முன்பே தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது என்பது அத்தையின் சட்டம். விட்டுவிடுகிறேன்.

வந்தவர் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். காலில் மட்டும் ஸ்டேஷன் ஷூ. அதைத் தெருவே பார்த்துவிட்டது. முதல் வீட்டில் அத்தையின் பேரைச் சொல்லிக் கேட்டார். “அப்புடி ஒரு பேரே எங்க ஊருல வைக்கிறதில்லீங்க” என்று பதில் வந்தது. அடுத்த வீட்டில் “அங்கிட்டுத் தெக்குத் தெருவுல கேளுங்க” என்றார்கள். தெற்குத் தெருவில் வடக்கே அனுப்பினார்கள். ஒரு கிழவர் அவரையே நிறுத்தி, “தம்பி, நீங்க யாரு வீட்டு மாப்ள?” என்று குலம் கோத்திரம் விசாரித்தார். “படிச்ச பொண்ணுங்க, மதுரையில இருக்குமாம்” என்று அந்த மனிதர் கெஞ்சினார். “படிச்ச பொண்ணா? இங்கிட்டு ஆம்பளைகளே படிக்கிறதில்லீங்களே” என்றாள் உப்பு விற்கிறவள். இதற்குள் வீடு வீடாகச் சோப்பு ஒளிந்தது. அவசரத்தில் ஒருத்தி சோப்புக் கட்டு ஒன்றைக் கிணற்றில் போட்டுவிட்டாள். சாயங்காலம் வாளி வாளியாக நுரை வந்தது. கல்யாண வீடுகளில் எல்லாரும் சிரிக்கிற இடம் இதுதான். எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஊர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் அத்தையைக் காப்பாற்றுவதாக நினைத்தார்கள்.

நாங்கள் பிள்ளைகள் அவர் பின்னாலேயே ஓடினோம். எங்கள் வீட்டு வாசலில் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு, “ஆம்பளைங்க தேங்கா உரிக்கிற கொட்டகையில இருக்காங்க, அங்க கேளுங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கொட்டகை ரோட்டோரம் இருந்தது. மற்ற பிள்ளைகள் வெளியே நின்றுவிட்டார்கள். எங்கள் கொட்டகை என்பதால் நான் உள்ளே போனேன்.

பெரியப்பா அவரை மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “சுங்கமெல்லாம் இல்லீங்கய்யா. பாஸ்போர்ட் விசாரணை. ஆள் இந்த ஊருதான்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்” என்று காகிதத்தை நீட்டினார்.

பெரியப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. வாசிக்க மட்டும்தான் அதை எடுப்பார். பையிலிருந்து எடுத்தார், ஊதினார், வேட்டி நுனியால் துடைத்தார், மாட்டினார். காகிதத்தை முழுசாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

“இந்தப் பேர்ல எங்க குடும்பத்துல யாரும் இல்லீங்களே.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. தெருக்காரர்கள் எல்லாம் ஓடி ஒளிந்து சொன்ன பதிலை என் பெரியப்பா போலீசுக்கு இளநீர் கொடுத்து, நேருக்கு நேர் உட்கார்ந்து சொன்னார். அவரைப் போலத் தைரியசாலி உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

மற்றது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு நாலைந்து வருஷம் முன்பு அப்பா சிங்கப்பூர் போக மனுப் போட்டபோது இதே மாதிரி ஒரு ஆள், இதே மாதிரி ஒரு காகிதத்தோடு வந்திருக்கிறார். பெரியப்பா அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, கோழி அடித்துச் சோறு போட்டு, கையெழுத்தும் போட்டு, பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். கோழிக் குழம்பு வைத்தது அம்மா. கடல் தாண்டிப் போன தம்பிக்குக் கோழி. கடல் தாண்டப் போன தங்கைக்கு, அப்படி ஒருத்தியே இல்லை.

அறிக்கை போய்விட்டது. விலாசத்தில் ஆள் இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அத்தை மதுரை விலாசத்தில் மறுபடி எழுதிப் போட்டார். முன்பு ஒன்று தள்ளுபடியானதால் அது இழுத்தது. உதவித்தொகைக்குக் கெடு முடிந்தது. மறு வருஷம் அக்கரையில் கலவரம் மூண்டது. பிறகு அங்கிருந்து ஓடி வந்தவர்கள்தான் உண்டு, போனவர்கள் இல்லை. பார்த்த மாப்பிள்ளையும் அமையவில்லை. பின்னால் தன்னோடு வேலை பார்த்த ஒருவரை அத்தையே பார்த்துக் கட்டிக்கொண்டார். ஒரு பெண்கள் கல்லூரியில் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார். இரண்டு புத்தகம் எழுதினார். இரண்டையும் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: ஆசிரியர் அக்கரை ஆவணங்களைப் பார்க்கவில்லை. அத்தை அதை மறுத்ததே இல்லை. “ரெண்டு வீட்டுச் சண்டைய ஒரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே எழுதிட்டேன்டி” என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். வழி திறந்தபோது அவருக்கு முழங்கால் போய்விட்டது.

என்னைப் பத்தாவதோடு நிறுத்தியதும் பெரியப்பாதான். “இன்னொரு ஆராய்ச்சி இந்த வீட்டுக்கு வேணாம்” என்றார். அதை இதோடு சேர்க்கக் கூடாதுதான். சேர்ந்துகொள்கிறது.

அன்று சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன். அத்தை பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருவே சூழ்ந்துகொண்டது. “ஒன்னைக் காட்டிக் குடுக்கல ஆத்தா! ஒருத்தர்கூட வாயத் தொறக்கல!” என்றார்கள். அத்தை ஒவ்வொருவர் கையையும் பிடித்து, “நல்லதுங்க, நல்லதுங்க” என்றார். வீட்டுக்குள் வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“பெரியப்பா என்ன சொன்னாங்க, குட்டி?”

நான் எழுந்து நின்று நடித்துக் காட்டினேன். இளநீர், காகிதம், கண்ணாடி ஊதுவது, துடைப்பது, எல்லாம்.

“கண்ணாடியப் போட்டுக்கிட்டா படிச்சாங்க?”

“ஆமா அத்தை. முழுசாப் படிச்சாங்க.”

“இன்னொரு தடவ செஞ்சு காட்டு.”

செய்து காட்டினேன். அத்தை சிரிக்கவில்லை. சரியாகச் செய்யவில்லையோ என்று, மூன்றாவது தடவை இன்னும் கொஞ்சம் கூட்டி, பெரியப்பா மாதிரியே கனைத்தும் காட்டினேன்.

மறுநாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை கொட்டகைக்குப் போனார்.

“அண்ணே, ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வாங்க. தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.”

“போலீசுகிட்டப் பொய் சொன்னேன்னு நானே போயி எழுதிக் குடுக்கவா? அப்புறம் தெருவுல ஒவ்வொருத்தனாக் கூப்புட்டு ஏன்டா சொன்னேன்னு கேப்பான். வீட்டுக்கு வீடு சோப்பத் தேடுவான். ஒன்னைக் காப்பாத்துன ஊரைக் காட்டிக் குடுக்கப் போறியா?”

“அது பாஸ்போர்ட் காகிதம்னு ஒங்களுக்குத் தெரியும்ண்ணே.”

“எனக்கு எப்புடித்தா தெரியும்? கண்ணாடி வீட்டுல கெடந்துச்சு. அந்தாளு என்னத்த நீட்டுனான்னு நான் என்னத்தக் கண்டேன்?”

பெரியப்பாவுக்கு இவ்வளவு மறதியா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடி பையில்தானே இருந்தது, நான் பார்த்தேனே. பெரியவர்கள் மறந்ததை ஞாபகப்படுத்தினால் கெட்டிக்காரி என்பார்கள். “இல்ல பெரியப்பா…” என்று வாயெடுத்தேன்.

அத்தையின் கை என் தலைமேல் வந்து விழுந்தது. கனமாக, அழுத்தமாக விழுந்தது. அவருக்கு வேண்டிய சாட்சி என் வாயில்தான் இருந்தது. நானும் அம்மாவும் அன்று மத்தியானம் சாப்பிட வேண்டிய சோறு பெரியப்பா வீட்டில் இருந்தது. பெரியப்பா அரிவாளை எடுத்து அடுத்த இளநீரைச் சீவ ஆரம்பித்தார்.

அந்தக் கை எதை அமுக்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை என்னைக் கொஞ்சுகிறார் என்று நினைத்து, தலையை இன்னும் வாகாகச் சாய்த்துக் கொடுத்தேன்.