கஞ்சி தின்ற பாவாடை

நான்கு நாள் புளித்த ஜவ்வரிசிக் கஞ்சியின் நாற்றம் முதலில் மூக்குக்கு வராது. நேராகத் தொண்டைக்குத்தான் வரும். ஈரச் சாக்கும் பழைய தயிரும் வருஷக்கணக்காகத் திறக்காத அலமாரியும் ஒன்றாகக் கலியாணம் செய்துகொண்டு, சீர்வரிசையோடு நம் வாய்க்குள் குடிவந்ததுபோல் இருக்கும். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. பதினாலு வயதில் அந்த நாற்றத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு கூடம் நிறைந்த ஜனத்துக்கு முன்னால், தலையைச் சாய்த்துப் புன்னகை செய்தபடி நடந்தவள் நான்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஜாலான் புசார் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் நான்கு குடும்பங்கள், ஒரே சமையலறை, ஒரே குழாய் என்று ஒட்டிக்கொண்டிருந்தோம். அப்பா, கீழே ஆணியும் சங்கிலியும் விற்ற சீனர் கடையில் ‘ஸ்டோர் கிராணி’, அதாவது சரக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா. நான் படித்தது ஒரு ஆங்கிலப் பெண்கள் பள்ளி. அங்கே தையல் வகுப்பு எடுத்த யுரேசியப் பெண்மணியை நாங்கள் ‘தையல் மிஸ்’ என்போம். அந்த வருஷக் கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது: வகுப்பிலிருந்த பதினெட்டுப் பேரும், தாங்களே தைத்த கவுனைத் தாங்களே உடுத்திக்கொண்டு, பெற்றோர் முன்னால் மேடையில் நடந்து காட்டவேண்டும். ‘ஃபேஷன் ஷோ’ என்று வீட்டில் சொன்னதும் அப்பா, “ஷோன்னா டிக்கெட் உண்டா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் அனுமதி கிடைத்துவிட்டது.

அந்தக் காலத்துக் கவுன், இடுப்புக்குக் கீழே விரித்த குடைபோல் நிற்கவேண்டும். அது தானாக நிற்காது. உள்ளே ‘கேன்கேன்’ என்று ஒரு பாவாடை, நைலான் வலையை அடுக்கடுக்காகச் சுருக்கித் தைத்தது, அதைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் அதை ஹை ஸ்ட்ரீட் கடைகளில் தைத்ததாகவே வாங்கிக்கொண்டார்கள். அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். “உள்ள போடுறத யாருடி பாக்கப் போறா?” என்பது தீர்ப்பு. அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் வகுப்பில், என் மாமா பினாங்கிலிருந்து அசல் நைலான் வலை அனுப்பியிருப்பதாக அளந்துவிட்டேன். எனக்குப் பினாங்கில் மாமா கிடையாது. பினாங்கில் மட்டுமல்ல, எங்குமே கிடையாது. அம்மா வீட்டுக்கு ஒரே பிள்ளை.

கவுன் துணி எலுமிச்சை மஞ்சள் பாப்ளின், சிராங்கூன் ரோட்டில் அம்மா எடுத்துக் கொடுத்தது. அதை நான் தைத்த அழகைச் சொல்லவேண்டும். வலக்கையை இடப்பக்கமும் இடக்கையை வலப்பக்கமும் வைத்துத் தைத்திருந்தேன். போட்டுப் பார்த்தால் இரண்டு தோளும் பின்னால் யாரையோ தேடுவதுபோல் திருகிக்கொண்டு நின்றன. கழுத்து ஒருபக்கம் சிரித்தது, மறுபக்கம் அழுதது. மிஸ் கண்ணில் படுவதற்குள் அதைச் சத்தமில்லாமல் வாங்கி, பிரித்து, ஒரே மத்தியானத்தில் ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை.

அஞ்சலையின் அப்பா முனிசிபாலிட்டியில் கால்வாய் கூட்டுகிறவர். ‘கூலி லைன்’ என்று எல்லோரும் சொன்ன தொழிலாளர் குடியிருப்பில் அவர்கள் வீடு. இது வகுப்பு முழுக்கத் தெரியும். தெரியும் என்பதை அவளுக்குக் காட்டவும் ஒரு வழி இருந்தது. அவள் கடந்து போகும்போது சில பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவள்மேல் வந்தது வெறும் மஞ்சள் சோப்பு வாசனைதான். வருஷம் பூராவும் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு அது தெரியாதா?

அவள் கவுன் சாதாரண வெளிர்நீலப் பருத்தி. பூ இல்லை, லேஸ் இல்லை. ஆனால் மிஸ் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பிடித்து, “எது உள், எது வெளி, சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்டபோது ஆளுக்கொரு பக்கத்தைக் காட்டினோம். தையல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது. மேடையில் கடைசியாக வருவதுதான் பெருமை. அந்த இடத்தை மிஸ் அஞ்சலைக்குக் கொடுத்தார். மஞ்சளுக்குப் பின் நீலம் எடுப்பாக இருக்குமென்று என்னை அவளுக்கு முன்னால் நிறுத்தினார். “எங்கம்மா துணி தொவைக்கிற வீட்டுல அரை நாள் லீவு கேட்டிருக்காங்க வசந்தா,” என்று அஞ்சலை ஒரே நாளில் என்னிடம் மூன்று தடவை சொன்னாள். “இதுவரைக்கும் ஸ்கூல் வாசலையே மிதிச்சதில்ல அவங்க. நான் மேடையில நிக்கறத பாக்கணுமாம்.”

பினாங்கு நைலானுக்கு வருவோம். கோதுமை மாவுச் சாக்கு மூன்றைப் பிரித்து, அடுக்குவைத்துப் பாவாடையாகத் தைத்தேன். மாவு மில்லின் கோழி முத்திரை கண்ணில் படாத இடத்துக்குப் போகட்டும் என்று பார்த்துப் பார்த்து வெட்டியதில், அது சரியாக என் பின்புறத்தில் வந்து அடைகாத்தது. பாவாடையோ தொளதொளவென்று தொங்கியது. விறைக்க வைக்கக் கஞ்சி போடவேண்டும். அப்பாவின் சட்டைக்கு அம்மா போடும் கஞ்சி பால்போல் நீர்த்து இருக்கும். “துணி கஞ்சியக் குடிக்கணும்டி, திங்கக் கூடாது,” என்பாள். குடித்தே இவ்வளவு விறைப்பு என்றால், தின்றால் எவ்வளவு விறைக்கும் என்று என் மூளை வேலைசெய்தது. ஜவ்வரிசியைப் பசையாகக் காய்ச்சி, மூன்று அடுக்கிலும் கைநிறைய அள்ளி அப்பினேன்.

அன்று பிடித்தது நவம்பர் மழை. நான்கு நாள் விடவில்லை. துணி காயப்போடும் மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்ட வழியில்லாமல், சமையலறை உத்தரத்தில் பாவாடையைத் தொங்கவிட்டேன். கீழே நான்கு குடும்பத்து அடுப்பு: ஒன்றில் கருவாடு, ஒன்றில் ‘பெலாச்சான்’ என்ற இறால் விழுது, ஒன்றில் பெருங்காயம், ஒன்றில் என்னவென்று இன்றுவரை தெரியாத ஏதோ கஷாயம். எல்லா ஆவியும் நேராக என் நைலானுக்குள் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் நாள் பாவாடைக்கு வியர்த்தது. மூன்றாம் நாள் பச்சையும் கறுப்புமாகப் பொட்டு வைத்துக்கொண்டது; தொட்டால் விரலோடு நூல் நூலாக இழுத்தது. நான்காம் நாள் காலையில் எடுத்து உதறினேன். மூன்று கரப்பான்கள் என் பாதத்தில் விழுந்து, பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட சம்பந்திகளைப்போல் கோபித்துக்கொண்டு ஓடின. சுருக்குகளுக்குள் பழுப்பு மணிகளாக ஒட்டியிருந்தவை என்ன என்று முதலில் புரியவில்லை. கரப்பான் முட்டை என்று புரிந்ததும் கத்தரிக்கோல் முனையால் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். சுரண்டிய கையைச் சோப்புப் போட்டு ஏழு தடவை கழுவினேன். பாவாடையைக் கழுவினேனா? கழுவினால் விறைப்புப் போய்விடுமே!

கரி போட்ட இஸ்திரிப்பெட்டியை வைத்துத் தேய்த்தேன். நாற்றம் சாகவில்லை, வெந்தது. பவுடர் டப்பாவில் பாதியைக் கொட்டினேன்; அது ஈரத்தோடு சேர்ந்து மறுபடி மாவாயிற்று. அந்த நிலையில் என்னைத் தூக்கி ஆவியில் வைத்திருந்தால் முழு ஆள் கொழுக்கட்டை ஒன்று கிடைத்திருக்கும். நான் வாசலைத் தாண்டும்போது அம்மா மூக்கைச் சுளித்து, “எங்கயோ எலி செத்திருக்குடி,” என்றாள். எலி பேசாமல் படியிறங்கிப் போய்விட்டது.

பள்ளியில் எங்களுக்கு உடைமாற்ற ஒரு வகுப்பறையைக் கொடுத்திருந்தார்கள். மழைச்சாரலுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. பதினெட்டுப் பெண்கள், ஒரே புழுக்கம். உடம்புச் சூடு ஏற ஏற, என் பாவாடை மெல்லக் கண்விழித்தது. மேபல் என்ற வாயாடிதான் முதலில் கூவினாள்: “ஐயே, என்ன நாத்தம் லா இது!” எல்லோரும் முகர்ந்தார்கள். மூக்கு தேடுவதற்கு முன்பே கண்கள் தேடிவிட்டன. என்னை ஒருத்தியும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் நீலக் கவுனோடு நின்றவளைப் பார்த்தார்கள். “யாரோ கால்வாயைக் கூடவே கூட்டிட்டு வந்திருக்காங்க,” என்றாள் மேபல். பிறகு என் பக்கம் திரும்பி, “வசந்தா, உன் மூக்கு என்ன சொல்லுது?” என்றாள்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் வகுப்பின் கோமாளி. எதற்கும் ஒரு சேஷ்டை செய்து சிரிக்கவைப்பது என் உத்தியோகம். அந்த ஒரு நொடியில், “நாத்தம் என் பாவாடைதான், அது பினாங்கு இல்ல, மாவுச் சாக்கு,” என்று சொல்லி, திரும்பி நின்று கோழியைக் காட்டியிருந்தால் அந்த வருஷத்திலேயே பெரிய சிரிப்பு அதுவாகத்தான் இருந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மேலே சொருகி, மயக்கம் போட்டு விழுவதுபோல் மேஜைமேல் சாய்ந்தேன். அறை அதிரச் சிரித்தார்கள்.

சத்தம் கேட்டு மிஸ் வந்தார். நல்ல மனுஷி. அதட்டவில்லை. அஞ்சலையின் தோளில் கைவைத்துத் தாழ்ந்த குரலில், “இன்றைக்குக் குளித்தாயா, குழந்தை?” என்று கேட்டார். “ரெண்டு தடவை குளிச்சேன் மிஸ்,” என்றாள். “பரவாயில்லை. கொஞ்சநேரம் மாடிப்படிப் பக்கம் காற்றாட நில். நான் கூப்பிடுகிறேன்.” அஞ்சலை போகுமுன் என் பாவாடையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் மூக்கும் மூக்குத்தானே. மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

அவள் போனதும் நடந்ததுதான் எனக்கு இன்றும் விளங்காத அதிசயம். மேபல் ஆழமாக ஒரு மூச்சை இழுத்து, “அப்பாடா, போயிடுச்சு,” என்றாள். மற்றவர்களும் ஆமாம் போயிடுச்சு என்றார்கள். நாற்றம் எங்கே போயிற்று? அது என் இடுப்பைச் சுற்றி முழு ஆரோக்கியத்தோடு நின்றுகொண்டிருந்தது. பதினாறு மூக்குகள் அது இல்லை என்று சத்தியம் செய்தன.

என் முறை வந்தது. மேடையின் பாதியில், அடுக்குக்குள் தப்பி ஒளிந்திருந்த நான்காவது கரப்பான் என் முழங்காலுக்கு மேல் ஊர ஆரம்பித்தது. அலறவும் முடியாது, கவுனைத் தூக்கவும் முடியாது. அதை உதறிவிடச் சுழன்றேன். அது பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் சுழன்றேன். மஞ்சள் கவுன் குடைராட்டினமாக விரிந்தது. ஜனங்கள் அதை நடனம் என்று நினைத்து எழுந்து கைதட்டினார்கள். அந்த மாலையில் யாருக்கும் அப்படிக் கைதட்டவில்லை. தட்டல் ஓயுமுன் மிஸ் திரையை இழுத்துவிட்டார். அஞ்சலையைக் கூப்பிட மறந்தாரா, அந்தக் கைதட்டலோடு முடித்துக்கொள்வதே நல்லது என்று நினைத்தாரா, தெரியாது.

கூடம் காலியான பிறகும், கடைசி வரிசையில் சிவப்புச் சேலைகட்டிய ஒரு அம்மாள், மடியில் நனைந்த குடையோடு, மூடிய திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கழிவறைக்குப் போய்ப் பாவாடையை அவிழ்த்துக் குப்பைத்தொட்டியில் திணித்தேன்.

திங்கட்கிழமை அஞ்சலை வழக்கம்போல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தையல் நோட்டில் கோடு போட்டபடியே, “ஜவ்வரிசி வேணாம் வசந்தா,” என்றாள். “அரிசிக் கஞ்சியத் தண்ணியாக் காய்ச்சி, துளி படிகாரம் போட்டுக்க. நாறாது, பூஞ்சையும் பிடிக்காது. எங்கம்மா வெள்ளைக்காரங்க துணிக்கு அப்படித்தான் போடுவாங்க.”

“எந்தக் கஞ்சி?” என்றேன்.

அவள் கோட்டை முடித்து, அளவுகோலைத் துடைத்து வைத்தாள். ஜனவரியில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை; வேறு பள்ளியா, வேலைக்குப் போய்விட்டாளா, நான் யாரையும் விசாரிக்கவில்லை. காலியான அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி. இப்போது நினைத்தால் தொண்டைக்கு வருவது அதுதான், கஞ்சியல்ல.

அந்தக் கடைவீடு இன்று ஒரு சின்ன ஹோட்டல். கூலி லைன் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டால் எனக்குக் கைகாட்டத் தெரியாது. கட்டடங்கள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. திறந்து கிடந்த கால்வாய்களுக்குக் கான்கிரீட் மூடி போட்டாயிற்று. கஞ்சி டப்பாவில் வருகிறது, அழுத்தினால் பூவாசனையோடு பீய்ச்சுகிறது. கேன்கேன் மட்டும் சிராங்கூன் ரோட்டுக் கல்யாணத் துணிக்கடைகளில், லெஹங்காவுக்குள் நைலானாக உயிரோடிருக்கிறது, கரப்பான்கூடச் சீண்டாது.

என் கரப்பான் நடனம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். எந்த விருந்தானாலும் சொல்லச் சொல்லுவார்கள். நானும் எழுந்து நின்று சுழன்றே காட்டுவேன், இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. போனமாதம் உட்லண்ட்ஸில் தம்பி வீட்டில் சொன்னபோதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பியின் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “பாவம் அத்தை, உங்களுக்கு அப்புறம் மேடைக்கு வந்தவ அந்த நாத்தத்துலயே நடந்திருப்பா! யாரு அது?” என்று கேட்டாள்.

“யாரும் வரலம்மா,” என்றேன். “நான்தான் கடைசி.”