சிட்டா இல்லாமல் வந்தவர்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், குத்துக்கு ஒரே நாற்று வைத்து நடும் முறைக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். நிலத்தின் சிட்டா கொண்டுவந்தவர்களை மட்டும் பதிவேட்டில் எழுதினேன்.

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையோடு வந்து பயிற்சி நடந்த கூடத்தின் வாசற்படியில் உட்கார்ந்தார். அவரிடம் சிட்டா இல்லை. நான் பேசப் பேச, அவருடைய விரல்கள் இல்லாத நாற்றைப் பிரித்துக்கொண்டே இருந்தன.

“உங்களுக்கு எத்தனை மா நிலம்மா?” என்றேன்.

“நெலம் ஏதுங்க சார்? இவங்க வயல்ல எல்லாம் நடுறது நான்தான். ஒத்த நாத்தா நடணும்னா என் கைக்குத்தானே தெரியணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.

மதியம் செய்முறைக்கு வயலுக்குப் போனோம். சிட்டாக்காரர்கள் வரப்பிலேயே நின்றுகொண்டார்கள். அவர்தான் சேற்றில் இறங்கினார். சுண்டுவிரல் உயர நாற்றை, வேரில் ஒட்டிய மண் உதிராமல், ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். கயிறு பிடிக்காமலே வரிசை நேராக வந்தது.

மாலையில் சான்றிதழ் எழுத உட்கார்ந்தேன். முதல் சான்றிதழ் அவருக்குத்தான் என்று நினைத்தபோது அவர் கிளம்பியிருந்தார்.

“அந்தம்மா பேரு என்னங்க?”

“தெரியலைங்க சார். பக்கத்து ஊரு நடவாளு.”

பழக்கத்தில் பதிவேட்டைப் புரட்டினேன். சிட்டா இல்லையென்று அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது நான்தான்.