ஹாமர் இல்லாத அறையில் அப்பா

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துப் படியுங்கள். எங்கள் லைன் வீட்டின் தரை இரவும் பகலும் அதிர்ந்துகொண்டே இருக்கும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஃபோர்ஜிங் கம்பெனி. பழுத்த இரும்பின் மேல் "ஹாமர்" என்ற ராட்சதச் சம்மட்டி விழும்போதெல்லாம் எங்கள் செம்புத் தண்ணீரில் வட்டம் எழும்பும். அப்பா முனிராஜுக்கு அந்த ஹாமரில்தான் வேலை. வேலை இல்லாத நேரத்தில் டிரம்ஸ் வாசிப்பார். "உங்கப்பா தூக்கத்துலயும் காலத் தட்டிக்கினே கெடக்குறாரு" என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

சர்ச்சில் பியானோ வாசிக்கும் பீட்டர் மாஸ்டர் ஒரு கீபோர்டோடும், அத்திப்பள்ளி மஞ்சுநாத் மாமா வயலின் மாதிரி ஆளுயரத்துக்கு நிற்கும் பேஸோடும் ஞாயிறுதோறும் எங்கள் முன்னறைக்கு வந்து அப்பாவோடு ஜாஸ் வாசித்தார்கள். அமெரிக்கர்கள் காலங்காலமாக வாசித்துவரும் பாட்டுகள் ஐந்து, மாஸ்டரே அமைத்த மெட்டுகள் மூன்று. இவற்றை ஒரு கேசட்டாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது பெங்களூரில் ஒரு ஸ்டூடியோ ஒரே ஒரு பகலுக்குக் கிடைத்தது. என்னையும் கூட்டிப் போனார்கள்.

சுவரெல்லாம் மெத்தை வைத்த அந்த அறைக்குள் நுழைந்ததும் காது அடைத்துப்போனது போல இருந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதல் பாட்டிலேயே அப்பாவின் கை தாளத்தை முந்தி ஓட ஆரம்பித்தது. போகப்போக வேகம் ஏறியது.

"ஏன் குரு, பஸ்ஸு போயிடுமா?" என்று கன்னடக்காரர் பாணியில் அப்பாவைக் கேட்டார் மஞ்சுநாத் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் முறையும் அப்படியே ஆனபோது யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் பியானோவை விட்டு எழுந்தார். "முனிராஜ், உங்க வீட்டுல இத்தன நாளா தாளம் புடிச்சது நீ இல்லப்பா. அந்த ஹாமரு."

அப்பாவின் காதில் ஒரு கருவியை மாட்டி, தாளம் பிடிக்க "டிக் டிக்" என்று ஓட விட்டார்கள். கை இன்னும் தடுமாறியது. மதியம் தாண்டிவிட்டது, ஒரு பாட்டுகூட முடியவில்லை. என் பக்கத்தில் ஸ்டூடியோவின் சொந்த டிரம்ஸ்காரப் பையன் டீ குடித்துக்கொண்டிருந்தான், பின்பாக்கெட்டில் குச்சிகள். "உள்ள வாசிக்கிறது நிம்ம அப்பாவா?" என்றான் கன்னடம் கலந்த தமிழில். தலையாட்டினேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். மாஸ்டர் கதவைத் திறந்து அந்தப் பையனைப் பார்த்தார். உள்ளேயிருந்து அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார்.

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார். காதில் இருந்ததையும் கழற்றி வைத்தார். "மஞ்சு, உன் பேஸ என் பலகை மேல ஊனு. எனக்குத் தாளம் காதுல வராது. கால்லதான் வரும்."

"ஆகாது சார், ரெண்டு சத்தமும் ஒண்ணா கலந்துடும்" என்றார் ரெக்கார்டிங் செய்பவர்.

மாஸ்டர் அந்தப் பலகையையும் அப்பாவின் வெறும் காலையும் பார்த்தார். பிறகு, "கலக்கட்டும். ஒரே ஒரு தரம், முனிராஜ். இல்லன்னா அந்தப் பையன்தான்."

"சரிங்க மாஸ்டர்."

டிரம்ஸ் வைத்திருந்த மரப்பலகையில் பேஸின் அடிக்கம்பி ஊன்றியது. மாமா தந்தியை இழுத்தார். அப்பா உடனே தொடங்கவில்லை. வெறும் பாதத்தைப் பலகையில் அழுத்தி, கண்ணை மூடிக் காத்திருந்துவிட்டுத்தான் குச்சியை இறக்கினார். நடுவில் பியானோ துள்ளி ஓடும் இடத்தில் அவர் கையும் கூடவே ஓடப் பார்த்தது. நான் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவருடைய கால்விரல்கள் மரத்தைக் கவ்வுவது தெரிந்தது. கை அடங்கி நின்றது. பாட்டு முடிந்து, கடைசித் தட்டின் சத்தம் முழுதும் ஓய்ந்து, ரெக்கார்டிங் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையும்வரை யாரும் அசையவில்லை.

மாஸ்டர் பாராட்டவில்லை. "அடுத்தது" என்றார். டிரம்ஸ்காரப் பையன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். "இனி நான் எதுக்கு?" என்று என் தலையைக் கலைத்துவிட்டுப் போனான். இருட்டுவதற்குள் எட்டும் முடிந்தன.

இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, லைன் வீடுகளும் இல்லை. அங்கே அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாஸ்டரின் மகள் போன மாதம் அந்தக் கேசட்டின் பாட்டுகளை என் செல்போனுக்கு அனுப்பினார், உறையின் படத்தோடு. உறையில் மாஸ்டரின் பெயர் மட்டும் இருக்கிறது. கேட்பவர்களுக்கு மற்ற இருவர் யாரென்று தெரிய வழியில்லை. அதனால்தான் கூச்சத்தை விட்டு எழுதினேன்: பேஸ், அத்திப்பள்ளி மஞ்சுநாத். டிரம்ஸ், எட்டுப் பாட்டிலும், ஹாமர் முனிராஜ்.

ஓசூர், ஆடி மாதம் இரண்டாம் ஞாயிறு.