"வரும் ஞாயிறு" என்று அழைத்த காணொளியும் கோப்பெங் தோட்டத்து மாரியம்மனும்

மகளுக்கு வேலை கிடைத்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். வேலை கிடைத்தது, எந்தக் கோயிலில் எடுப்பது என்பதுதான் முடிவாகவில்லை. போன பங்குனியில் ஒரு வியாழன் மாலை, கைப்பேசியில் ஒரு காணொளி வந்தது. கோப்பெங்குக்கு அப்பால், பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன். மஞ்சள் பட்டு, வேப்பிலை, உறுமி மேளம். மேலே "வரும் ஞாயிறு திருவிழா, அனைவரும் வருக" என்று எழுதியிருந்தது. பகிர்ந்தவர் பெயருக்கடியில் "மூன்று மணி நேரம் முன்பு" என்றிருந்தது. வேறென்ன வேண்டும்?

ஞாயிறு காலை மகன் ஜெலாப்பாங் வீட்டிலிருந்து என்னை ஈப்போ பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டான். 7.20க்குக் கோப்பெங் பேருந்து. கட்டணம் மூன்று வெள்ளி (ரிங்கிட்), சில்லறையாக வைத்திருங்கள். சிம்பாங் பூலாயில் கொஞ்சம் நின்று, எட்டு மணிக்குக் கோப்பெங் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து கோயில் ஆறு கிலோமீட்டர். டாக்சிதான் ஒரே வழி. பதினைந்து வெள்ளி கேட்டவர் பன்னிரண்டுக்கு ஒத்துக்கொண்டார்.

"திருவிழாவுக்கா அக்கா?" என்றார் ஓட்டுநர்.

"ஆமா தம்பி."

"காலையில ஒரு புருசன் பொஞ்சாதிய இறக்கி விட்டேன். அங்க ஒண்ணும் இல்லனு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க லா. நீங்களாவது நம்புங்க."

நானும் நம்பவில்லை.

வழியெல்லாம் செம்பனை. பால்மரம் என்று பழைய ரப்பரில் ஒரு வரிசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், சிமெண்டுப் படிகள் மட்டும் வீடில்லாமல் நிற்கின்றன. கோயில் வாசலில் பந்தல் இல்லை, மேளம் இல்லை. ஆலயத் தலைவர் மணியம் அண்ணன் தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் சொன்ன தம்பதி ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வீடியோ பார்த்து வந்தீங்களா?" என்றார் மணியம் அண்ணன், என் கையிலிருந்த பால் சொம்பைப் பார்த்து. "அது போன வருசம் நான் போட்டது. இந்த வருசம் இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

"அம்மா கூப்பிட்டா, அம்மா கூப்பிட்டானு காலங்காத்தால எழுப்புனீங்களே," என்றார் அந்த மனைவி கணவரிடம். "கூப்பிட்டது போனு லா."

சிரித்தோம். மணியம் அண்ணன் சிரிக்கவில்லை. கோயில் நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியிருக்கிறது. எவ்வளவு கூட்டம் என்று பார்க்கத் திருவிழாவன்று அதன் மேலாளர் நேரில் வருவாராம். கூட்டம் வந்தால் கோயில் இருக்கும். இல்லையென்றால் வேறிடம் பார்க்க வேண்டும். இந்த வருடத்து நோட்டீசையும் மணியம் அண்ணன் படமெடுத்து அதே செயலியில் போட்டிருக்கிறார். அதற்கு ஒன்பது விருப்பம். அதில் ஆறு பேர் கமிட்டிக்காரர்கள்.

பழைய காணொளி ஏன் இப்போது வந்தது என்று நானே தேடிப் படித்த அளவில் சொல்கிறேன். ஒரு செய்தி உண்மையா, பழசா என்பதைவிட, அதில் நம் விரல் எவ்வளவு நேரம் நிற்கிறது, என்ன எழுதுகிறோம் என்பதைத்தான் அந்தச் செயலி பெரிதாகப் பார்க்கிறது. அம்மன் முகம் வந்தால் நிறுத்திக் கும்பிடாமல் நான் நகர்த்துவதில்லை. "ஓம் சக்தி" என்று எழுதாமல் போனால் குற்றம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். "இது பழைய வீடியோ" என்று திருத்தி எழுதியவர்கள்கூட அதை இன்னும் நாலு பேருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அச்சடித்த நோட்டீசில் யார் விரல் நிற்கும்?

"அந்த வீடியோவ அழிச்சிட வேண்டியதுதானே அண்ணே?" என்றார் கணவர்.

"அம்மா முகம் இருக்கு அதுல. எப்படி அழிக்கிறது?"

"போன்ல இருக்கறதுதானே."

"நீங்க பழைய சாமி காலண்டர குப்பையில போடுவீங்களா?"

என் வீட்டுப் பரணிலேயே அப்படி ஒரு கட்டு கிடக்கிறது.

"அழிக்க வேணாம்ணே," என்றேன். "மேல எழுதியிருக்கறத மட்டும் மாத்துங்க. 'வரும் ஞாயிறு'ன்னா அது எப்பவும் வந்துகிட்டேதான் இருக்கும். தேதிய போடுங்க."

அவர் யோசித்தார். பிறகு கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் கைப்பேசியைக் காட்டிவிட்டு, தூணோரம் உட்கார்ந்து ஒற்றை விரலால் திருத்தினார். தேதி, மாதம், வருடம், பேருந்து நேரம். பகிர்ந்தவர்கள் பக்கத்திலும் புதுத் தேதியே தெரிந்ததைத் தம்பதி தங்கள் கைப்பேசியில் சரிபார்த்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே பேருந்தில் போனேன். நிற்கத்தான் இடம் கிடைத்தது. பால்குடம் எடுத்தேன். சோறு பன்னிரண்டு மணிக்கே தீர்ந்து, மறுபடியும் உலை வைத்தார்கள். மேலாளர் வந்தார். காலணியைக் கழற்ற மனமில்லாமல் வாசலிலேயே நின்றுகொண்டார். அங்கிருந்து சன்னிதியில் நிற்கும் கூட்டம் தெரியாது. அதனால் கீழே கிடந்த செருப்புகளைப் படமெடுத்தார், மூன்று பக்கத்திலிருந்தும். கோயில் இருக்கட்டும், எங்கள் வேலியைக் கோயிலுக்கு அப்பால் போடுகிறோம் என்று மலாய் மொழியில் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றார் மணியம் அண்ணன். அனுப்புகிறோம் என்றார் அவர்.

இதை எழுதும்வரை கடிதம் வரவில்லை. கூட்டத்தை அம்மன் கூட்டினாளா, செயலி கூட்டியதா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் அம்மன் தேதியை மாற்றிச் சொல்ல மாட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: காணொளியை நம்பிக் கிளம்பாமல், யாரையாவது கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வர டாக்சிக்காரரிடம் முன்பே நேரம் சொல்லிவிடுங்கள். அங்கே நின்றால் வண்டி கிடைக்காது. திருவிழா இல்லாத ஞாயிறுகளிலும் எட்டிலிருந்து பதினொன்று வரை கோயில் திறந்திருக்கும். கடிதம் வரும்வரை அப்படிப் போவது நல்லது. செருப்பை மட்டும் சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் விடுங்கள்.