விழாத உலக்கை

பொங்கலுக்கு மறுநாள் சூரிய கிரகணம். பல்லேபொலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் பெரியப்பா தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மிளகு இடிக்கும் உலக்கையை அதன் நடுவே செங்குத்தாக நிறுத்தினார். நின்றது. அக்கம்பக்கத்தார் கைதட்டினார்கள்.

பெரியப்பா பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். எதையும் செய்து பார்க்காமல் ஏற்கமாட்டார்.

"நான் சொல்றத நம்பாதீங்க, கண்ணால பாருங்க. கிரகணம் புடிச்சிருக்கிற வரைக்கும் சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுக்குது. விட்டதும் உலக்கை தானா விழுந்துரும்."

அதுவரை வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அத்தை, பெரியப்பாவின் தங்கை, யன்னல் அடைத்த அறைக்குள்ளேயே இருக்கவேண்டும். கிரகணம் பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். அடுப்படியில் கோழிக்கறி, தோஷம் படாதிருக்கப் போட்ட அறுகம்புல்லோடு ஆறிக்கொண்டிருந்தது.

பிற்பகலில் வெயில் பழையபடி சுட்டது. கிரகணம் முடிந்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். உலக்கை அசையவில்லை.

"அண்ணே, விழுந்துருச்சா?" அறைக்குள்ளிருந்து அத்தை கேட்டார்.

"இன்னும் இல்லடி."

"டிவியில முடிஞ்சிருச்சுங்கிறாங்களே!"

"அவங்க கொழும்புல இருந்து சொல்றாங்க. இங்க உலக்கை விடலன்னு சொல்லுதே!"

கைதட்டியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுச் சோற்றுக்குப் போய்விட்டார்கள். பிறகு அத்தையின் குரல் வந்தது.

"அண்ணே, முந்தாநேத்து இத நிக்க வச்சுப் பாத்தீங்களா?"

"முந்தாநேத்து ஏன்டி வைக்கணும்? அன்னைக்குத்தான் கிரகணமே இல்லியே!"

"அதுக்குத்தான் கேக்குறேன்."

கதவு திறந்தது. அத்தை இடுப்பில் கைவைத்தபடி வந்து உலக்கையின் அடியைக் குனிந்து பார்த்தார். இரும்புப் பூண், தட்டையாக.

"இது நாளைக்கும் நிக்கும். நாளைக்கு வரைக்கும் நானும் புள்ளையும் பட்டினி கெடக்கவா?"

நேரே அடுப்படிக்குப் போனார். பெரியப்பா உலக்கையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், உரக்கச் சிரித்தார். "யாரும் இதத் தொடாதீங்க, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அத்தைக்கு முன்னால் தட்டோடு போய் உட்கார்ந்தார். அவ்வளவு ருசியான ஆறிய கறியை நான் பிறகு சாப்பிட்டதில்லை.

மறுநாள் விடியும்போது பெரியப்பாவின் கூச்சலில்தான் விழித்தேன்.

"அடியே, நிக்குதுடி! நீ சொன்ன மாதிரியே நிக்குது!"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தாம்பாளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தான் சொன்னது பிழையாய்ப் போனதற்கு ஒருவர் அப்படித் துள்ளுவார் என்று ஆறு வயதில் எனக்குத் தெரியாது. கிரகணம் இன்னும் விடவில்லை என்றுதான் விளங்கியது. ஓடிப்போய் அத்தையின் அறை யன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்தேன்.